சட்டம் படிக்க நினைக்கும் தோட்டத்துப் பெண்பிள்ளைகள்: எந்த வழிக்குக் கைகொடுப்பது?

மலையகப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்களிலும், தோட்டப் பகுதிகளில் நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் சிறிய கல்வி நிதியங்களிலும், உயர்தரப் பெறுபேறு வெளியாகும் காலத்தில் ஒரு விவாதம் தவறாமல் எழுகிறது. சட்டத்தரணியாக வேண்டும் என்று சொல்லும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். கையிலுள்ள பணம் ஒருவருக்கோ இருவருக்கோதான் போதும். அந்தப் பணத்தைச் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்கான வகுப்புகளுக்குச் செலவிடுவதா, பல்கலைக்கழகச் சட்டபீடத்தை நோக்கி உயர்தர வகுப்பிலேயே செலவிடுவதா, ஏற்கெனவே தொழில் பார்க்கும் ஒருத்தியைத் திறந்த பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிடுவதா என்பதே அந்த விவாதம். முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்காக இந்த வழிகளை ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இலங்கையில் பெண்கள் சட்டம் படிப்பது புதிய செய்தியன்று. சட்டபீட விரிவுரை மண்டபத்தில் பெண்கள் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. குறைவாக இருப்பவர்கள் தோட்டத் தொழிலாளரின் லயத்து வீடுகளிலிருந்து வரும் பெண்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான இந்தத் தோட்ட மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. எஞ்சியிருந்தவர்களுக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003ஆம் ஆண்டில்தான். தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வந்ததே 1970களில். ஆகவே இன்று உயர்தரம் எழுதும் பிள்ளையின் பாட்டி, சட்டம் என்பதைத் தன் பெயரை ஏதோ ஒரு பட்டியலிலிருந்து நீக்கும் ஒன்றாகவே அறிந்திருந்தாள். ‘பெண்களுக்கான உதவி’ என்று பொதுவாக எழுதி அறிவித்தால் நகரத்துப் பிள்ளைகளின் விண்ணப்பங்களே முதலில் வந்து சேரும். தெரிவு நிபந்தனையில் தோட்டக் குடும்பம் என்பதை வெளிப்படையாக எழுதிவிடுவது நல்லது.

வழிகளை ஒப்பிடும்போது செலவையும் காலத்தையும் மட்டும் பார்ப்பது வழக்கம். என் பார்வையில் அவற்றைவிட முக்கியமான அளவுகோல் மொழி. நம் பிள்ளை சட்டக் கல்லூரிக்குள் தமிழில் பரீட்சை எழுதி நுழைய முடியும். பல்கலைக்கழகத்தில் சட்டத்தைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும். பின்னர் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ பதுளையிலோ தொழில் செய்ய வந்தால் சிங்களத்தில் வாதாட வேண்டும். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சிங்களமும் தமிழும் நாடு முழுவதற்கும் நீதிமன்ற மொழிகள் என்று சொன்னாலும், வடக்குக் கிழக்குக்கு வெளியே வழக்கேடு நடப்பது சிங்களத்தில்தான். அந்த மொழி தெரியாத தரப்பினருக்கு மொழிபெயர்ப்பாளரைப் பெறும் உரிமை உண்டு. ஆனால், கணவனிடம் தாபரிப்புப் பணம் கேட்டு வந்த கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி ஐந்து நிமிடம் அழுதழுது சொன்னதை மொழிபெயர்ப்பாளர் ஒரே வரியில் முடித்துவிடுவதை நீதிமன்றத்தின் பின்வாங்கில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு, அந்த உரிமையின் அளவு எவ்வளவு என்று தெரியும். இந்த மூன்று மொழிகளில் எது, எந்தக் கட்டத்தில் பிள்ளையின் காலை இடறுகிறது என்பதை வைத்துப் பார்த்தால் தெரிவு ஓரளவு தெளிவாகும்.

அரச பல்கலைக்கழக வழியை எடுத்துக்கொள்வோம். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சட்டபீடமும், பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களின் சட்டத்துறைகளும் நமக்குரியவை. படிப்புக்குக் கட்டணம் இல்லை. மகாபொல புலமைப்பரிசிலோ பல்கலைக்கழக உதவிப்பணமோ கிடைக்க வாய்ப்புண்டு. விடுதி வசதியும் ஓரளவு உண்டு. எந்தப் பிரிவில் உயர்தரம் எழுதியவரும் சட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்றாலும், விஞ்ஞான ஆசிரியர்கள் இல்லாத மலையகப் பாடசாலைகளில் நம் பிள்ளைகள் கலைப்பிரிவிலேயே குவிகிறார்கள். கலைப்பிரிவில் அதிக இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்காகத் தரப்படுத்திக் கணக்கிடும் உயர்தரப் புள்ளி) எடுத்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்பதும் சட்டத்தைத்தான். இங்கேதான் மாவட்ட ஒதுக்கீடு உதவுகிறது. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் தகுதி அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பவும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி ஆகியவை அந்தப் பதினாறில் அடங்கும். கண்டியும் மாத்தளையும் அடங்கா.

இதன் விளைவை வரைபடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கினிகத்தேனையில் படிக்கும் பிள்ளை நுவரெலியா மாவட்டத்துக்குரியவள். மலையிறங்கி நாவலப்பிட்டிக்கு வந்து படிக்கும் பிள்ளை கண்டி மாவட்டத்துக்குரியவளாகி, கண்டி நகரத்தின் பெரிய பாடசாலைகளோடு ஒரே தராசில் நிறுக்கப்படுகிறாள். மாவட்டம் தீர்மானிக்கப்படுவது வீட்டை வைத்தன்று, படித்த பாடசாலையை வைத்து. நல்ல எண்ணத்தோடு சில நலன்விரும்பிகள் கெட்டிக்காரப் பிள்ளையைப் பத்தாம் வகுப்போடு கண்டிக்கோ கொழும்புக்கோ கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். நல்ல ஆசிரியர்கள் கிடைப்பார்கள்தான். ஆனால் மாவட்டச் சலுகை கைநழுவும். பாடசாலை மாற்றுவதற்கு முன்பு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் அந்தப் பகுதியை ஒருமுறை வாசித்துவிட வேண்டும். பிள்ளையை ஊரிலேயே வைத்துக்கொண்டு, ஆசிரியரை ஊருக்கு வரவழைக்கும் செலவே பெரும்பாலும் இலாபமானது.

இந்த வழியின் குறை, அது ஒரே ஒரு வாசலைக் கொண்டது என்பது. உயர்தரத்தை மூன்று முறைதான் பல்கலைக்கழகத்துக்காக எழுதலாம். வெட்டுப்புள்ளி ஒரு மயிரிழையில் தவறினாலும் சட்டம் கிடைக்காது, கலைமாணி கிடைக்கும். கிடைத்தால் நான்கு ஆண்டுகள், அதன் பிறகு சட்டக் கல்லூரியில் நுழைவுப் பரீட்சை இன்றிச் சேர்ந்து அதன் இறுதிப் பரீட்சைகள், அதன் பிறகு ஆறு மாதப் பயிலுநர் காலம், உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம். மொழியைப் பொறுத்தவரை, பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் போதனை ஆங்கிலத்தில். உயர்தரம் முழுவதையும் தமிழில் எழுதிய பிள்ளை முதலாம் ஆண்டில் ஒப்பந்தச் சட்ட விரிவுரைக் குறிப்பை இரவில் அகராதியோடு தமிழாக்கிப் படித்து, காலையில் அதையே மறுபடி ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்கும் நிலை வரும். அந்த முதலாம் ஆண்டைத் தாண்டியவர்கள் நன்றாகவே வருகிறார்கள்.

அடுத்தது இலங்கைச் சட்டக் கல்லூரிக்கு நேரடியாக நுழைவது. 1874ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இந்தக் கல்லூரி கொழும்பு புதுக்கடையில் இருக்கிறது. வேறெங்கும் கிளை இல்லை. நுழைவுப் பரீட்சையில் மொழிப் பத்திரமும், பொது அறிவும் நுண்ணறிவும் சேர்ந்த பத்திரமும் உண்டு. உயர்தர இசட் புள்ளி இங்கே கணக்கில் இல்லை. உயர்தரத்தில் மூன்று பாடச் சித்தி போதும்; சாதாரண தர ஆங்கிலம் பற்றிய நிபந்தனையைப் பின்னால் சொல்கிறேன். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியை ஒரு சிறிய வித்தியாசத்தில் தவறவிட்ட பிள்ளைக்கு இது உண்மையான இரண்டாவது வாய்ப்பு. மூன்று ஆண்டுப் படிப்பும் ஆறு மாதப் பயிலுநர் காலமும் முடிந்தால் சட்டத்தரணி. பல்கலைக்கழக வழியைவிட ஏறத்தாழ ஓரிரு ஆண்டுகள் மிச்சம்.

மொழியிலும் ஒரு சலுகை இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான வர்த்தமானி சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்த வழிசெய்தது. 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நாடாளுமன்றம் அந்த ஒழுங்குவிதிகளைப் பெரும்பான்மை வாக்குகளால் நிராகரித்தது. அப்போது தமிழ்மொழி உரிமை காப்பாற்றப்பட்டது என்று மலையகத்திலும் மகிழ்ந்தார்கள், மகிழ்ந்ததில் தவறில்லை. ஆயினும் தமிழில் சட்டம் படித்து முடித்த பிள்ளை, ஆங்கிலத்தில் உள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்புகளை வாசிக்கவும், ஹட்டன் நீதவான் நீதிமன்றத்தில் சிங்களத்தில் எழுந்து பேசவும் தயாராக வேண்டியிருப்பதை அந்த வாக்கெடுப்பு மாற்றவில்லை.

இந்த வழியின் பாரம் கொழும்பு. கட்டணம் உண்டு என்றாலும் தனியார் கல்வியோடு ஒப்பிட்டால் தாங்கக்கூடியதே. தாங்க முடியாதது வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மூன்று ஆண்டுகளுக்குமேல் போர்டிங்கில் இருக்கும் செலவு. 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அதன் பின் ஏறிய தொகையைச் சேர்த்துக்கொண்டாலும், கொழுந்து குறைந்த மாதத்தில் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், மட்டும் விழுகிற தாய், பிள்ளையின் போர்டிங் கட்டிலுக்கும் சாப்பாட்டுக்கும் பஸ் காசுக்கும் மாதாமாதம் அனுப்ப முடியாது. ஆகவே நுழைவுப் பரீட்சை வகுப்புக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டு, சித்தியடைந்த பிறகு கைவிடுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான தெரிவு. இடம் கிடைத்தும் போகாமல் விட்ட பிள்ளையை அடுத்த ஆண்டு மறுபடி ஊக்கப்படுத்துவது எளிதல்ல. ஊரும் அதைச் சுட்டிக்காட்டியே அடுத்த பிள்ளையைத் தடுக்கும்.

நுழைவுப் பரீட்சை வகுப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொழும்பில் நடக்கும் வார இறுதி வகுப்புக்கு மஸ்கெலியாவிலிருந்தோ பொகவந்தலாவையிலிருந்தோ ஒரு பிள்ளை போக வேண்டுமென்றால் சனி விடிவதற்கு முன் பஸ் ஏற வேண்டும். இரவு தங்க இடம் வேண்டும். கூட ஒரு ஆள் வேண்டும். அந்த வகுப்பில் சொல்லிக் கொடுப்பதில் பெரும்பகுதி பழைய வினாத்தாள் பயிற்சியும் நடப்பு விவகாரமும். நாளிதழ், பழைய வினாத்தாள்கள், நேரம் வைத்து எழுதவைக்கும் ஓர் ஆசிரியர், இணையத்தில் ஒரு வாராந்தர வகுப்பு ஆகிய நான்கும் ஊரிலேயே இருந்தால் கொழும்புப் பயணம் தேவையில்லை என்றே நினைக்கிறேன். மொழிப் பத்திரத்துக்குச் சுருக்கம் எழுதுவதும் தெளிவான வாக்கியம் அமைப்பதும் வேண்டும். அதற்கு நம் உயர்தரத் தமிழ் ஆசிரியர்களைவிடச் சிறந்த பயிற்றுநர் கொழும்பில் இல்லை.

இவ்விரண்டுக்கும் போட்டியாக வீட்டில் நிற்பது வேறொரு சட்டக் கல்வி வழியன்று. அது ஆசிரியர்களைப் பயிற்றும், பத்தனையிலுள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி. ‘ரெண்டு வருசம் அங்கயே தங்கிப் படிச்சா, மூணாவது வருசம் பயிற்சி, அதுக்கப்புறம் கவர்மெண்டு சம்பளம், சட்டம் படிச்சா யாரு கேஸ் குடுப்பா?’ என்று ஒரு தாய் கேட்டால், அவள் அறியாமையில் பேசுகிறாள் என்று நினைக்க வேண்டாம். கணக்குப் போட்டுப் பேசுகிறாள். புதிய சட்டத்தரணி ஒருத்தி சிரேஷ்ட சட்டத்தரணியின் கீழ்க் கனிஷ்டராக நிற்கும் முதல் சில ஆண்டுகளில் கையில் கிடைப்பது ஆசிரியர் சம்பளத்துக்கு ஈடாகாது. தம்பி தங்கைகள் உள்ள வீட்டின் மூத்த பெண்பிள்ளைக்குக் கல்வியியற் கல்லூரியைப் பரிந்துரைப்பது பல சமயங்களில் சரியான ஆலோசனையே.

அப்படிப் போனவளுக்கும் சட்டத்தின் கதவு அடைபடவில்லை என்பதால்தான் திறந்த பல்கலைக்கழகத்தை நாம் உரிய மதிப்போடு பார்க்கவில்லை என்று சொல்கிறேன். நாவலயில் தலைமையகமும் கண்டிப் பக்கத்தில் பொல்கொல்லையில் பிராந்திய நிலையமும் கொண்ட இந்தப் பல்கலைக்கழகம் தனது சட்டமாணிப் பட்டத்துக்கு ஒரு தெரிவுப் பரீட்சை வைக்கிறது, கட்டணம் அறவிடுகிறது, தொழில் பார்த்துக்கொண்டே படிக்க இடம் தருகிறது. பகல் 1.30க்குப் பாடசாலை முடிந்து வீடு திரும்பும் இருபத்தைந்து வயது ஆசிரியைக்கு மாதச் சம்பளம் இருக்கிறது; பாடக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் தானே கட்டுவாள்; நிதியம் கொடுக்க வேண்டியது மிச்சப் பகுதியும், பரீட்சைக் காலப் பயணச் செலவும்தான். ஒரு பிள்ளையைக் கொழும்பில் வைத்துப் படிப்பிக்கும் பணத்தில் இப்படிப்பட்ட மூவருக்கு உதவலாம். பட்டம் பெற்றபின் சட்டக் கல்லூரிப் பரீட்சைகளுக்கும் பயிலுநர் காலத்துக்கும் அவள் விடுமுறை எடுக்கவோ வேலையை விடவோ நேரும்; உதவி உண்மையில் தேவைப்படும் இடம் அது. இந்த வழியின் ஆபத்து இடைநிறுத்தம். திருமணம், பிரசவம், இடமாற்றம் என்று ஒவ்வொன்றும் ஓர் ஆண்டைத் தின்னும். ஆசிரியையாக நல்ல பெயரோடு இருக்கும் ஒருத்தியை ‘இனி எதுக்கு இது?’ என்று கேட்க வீட்டில் எப்போதும் ஒருவர் இருப்பார். சேர்வோர் எல்லாரும் முடிப்பார்கள் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டத்துக்குத் தனியார் நிறுவனங்கள் நடத்தும் வகுப்புகளைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. கட்டணம் நம் நிதியங்களின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அந்தப் பட்டத்தோடு இங்கே சட்டத்தரணியாவதற்கான நிபந்தனைகளையும் தனியே விசாரிக்க வேண்டும். முகவர் கொடுக்கும் வண்ணத் துண்டறிக்கையை நம்பிப் பெற்றோர் நகையை அடகுவைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இனிப் பணத்தை எங்கே போடுவது என்ற கேள்விக்கு வருகிறேன். மேற்சொன்ன வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எல்லாவற்றையும் தடுக்கும் ஒரே தடை சாதாரண தரப் பெறுபேற்றுத் தாளில் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு நேரே ‘சீ’ இல்லாமல் ‘எஸ்’ இருந்தால், அதாவது திறமைச் சித்திக்குப் பதில் சாதாரண சித்தி இருந்தால், சட்டக் கல்லூரி விண்ணப்பமே தடைப்படும். பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தாலும் முதலாம் ஆண்டில் மூச்சுத் திணறும். உயர்தரத்தில் மூன்று ‘ஏ’ எடுத்த பிள்ளை, பதினாறு வயதில் எழுதிய ஆங்கிலப் பரீட்சையால் நிற்பது மலையகத்தில் அபூர்வமன்று; பல தோட்டப் பாடசாலைகளில் ஆங்கில ஆசிரியர் இருப்பதும் இல்லாததும் அந்த ஆண்டின் இடமாற்றத்தைப் பொறுத்தது. ஆகவே நிதியத்தின் பாதிப் பணத்தையாவது பத்தாம், பதினோராம் வகுப்புப் பெண்பிள்ளைகளின் ஆங்கிலத்துக்கு ஒதுக்கலாம். ஏற்கெனவே ‘எஸ்’ எடுத்துவிட்டவள் உயர்தரம் படிக்கும்போதே வெளிவாரிப் பரீட்சார்த்தியாக அந்த ஒரு பாடத்தை மறுபடி எழுதலாம். இதைச் சொல்ல ஒருவர் இல்லாததால் எழுதாமல் விட்டவர்கள் பலர். சட்டம் கிடைக்காவிட்டாலும் இந்தச் செலவு வீணாகாது. மற்ற எந்தத் தெரிவைப் பற்றியும் இப்படி உறுதியாகச் சொல்ல முடியாது.

மிச்சப் பாதியைச் சேர்த்துவைத்து, ஒரு பிள்ளைக்கு முழுமையாகக் கொடுக்க வேண்டும். ஐந்து பேருக்குப் பகிர்ந்து மேடையில் காசோலை கொடுப்பது படம் எடுக்க நன்றாக இருக்கும். கொழும்பில் அது ஒரு மாதப் போர்டிங்குக்குப் போதாது. உயர்தரம் எழுதியவுடன் பல்கலைக்கழக விண்ணப்பத்தையும் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சையையும் ஒருசேர முயலும்படி அவளிடம் சொல்ல வேண்டும். ஒன்றுக்காக மற்றதைக் காத்திருக்க வைப்பதில் பயனில்லை. இரண்டும் கிடைத்தால் என் பரிந்துரை பல்கலைக்கழகம். காலம் கூடுதல்தான், ஆனால் செலவு குறைவு, ஆங்கிலம் நிலைபெறும், சட்டத்தரணித் தொழில் பிடிக்காவிட்டாலும் பட்டம் கையில் இருக்கும். சட்டக் கல்லூரி மட்டும் கிடைத்தால், இறுதி ஆண்டு வரையிலும் அதன் பின் சம்பளமில்லாத ஆறு மாதப் பயிலுநர் காலம் வரையிலும் பணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். சிங்களத்தை எந்த நிறுவனமும் அவளுக்குப் போதிய அளவு கற்றுத் தராது. விடுமுறைகளில் ஹட்டனிலோ நாவலப்பிட்டியிலோ ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் உட்கார்ந்து வழக்கேடுகளைப் பார்த்தெழுதினால் அந்த மொழி வரும். இதற்குப் பணம் வேண்டாம். சங்கத் தலைவர் ஒரு சட்டத்தரணியிடம் நேரில் போய்க் கேட்டால் போதும்.

ஒரு சிறு விடயத்தை முன்கூட்டியே சரிசெய்துவிடலாம். பிறப்புச் சான்றிதழில் ‘மாரியாயி மகள்’, அடையாள அட்டையில் வேறு எழுத்துக்கூட்டல், பாடசாலைப் பதிவில் மூன்றாவது ஒன்று என்று நம் பிள்ளைகளின் பெயர்கள் கிடக்கின்றன. இதே பெயர்க் குழப்பத்தால்தான் அவர்களின் தாய்மார் ஊழியர் சேமலாப நிதியைப் பெற அலைகிறார்கள். பரீட்சைச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும் பொருந்தாவிட்டால் விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முன்னால் சத்தியக்கடதாசிக்கு ஓட வேண்டிவரும். பத்தாம் வகுப்பிலேயே, சாதாரண தர விண்ணப்பப் படிவம் நிரப்பும் முன்பு, பிரதேச செயலகத்தில் இதைத் திருத்திவிட்டால் வேலை மிச்சம்.

கடைசியாக, நிதியங்களின் கூட்டங்களில் யாராவது ஒருவர் தவறாமல் முன்வைக்கும் நிபந்தனை ஒன்று: படித்து முடித்தபின் மலையகத்திலேயே இத்தனை ஆண்டு தொழில் செய்ய வேண்டும் என்று பத்திரம் எழுதி வாங்குவது. அதன் பின்னாலுள்ள ஆதங்கம் எனக்கும் புரிகிறது. குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாப்புக் கேட்டும், தாபரிப்புக் கேட்டும், சேமலாப நிதி கேட்டும் வரும் தோட்டத்துப் பெண்களுக்குத் தமிழ் பேசும் பெண் சட்டத்தரணிகள் எங்கள் ஊர் நீதிமன்றங்களில் வேண்டும். இருந்தாலும் அந்தப் பத்திரத்தை நான் எதிர்க்கிறேன். ஊரில் கனிஷ்டராகச் சேர்த்துக்கொள்ள ஒரு சிரேஷ்ட சட்டத்தரணியையும், அலுவலகத்தில் ஒரு மேசையையும், முதல் ஆண்டுச் செலவுக்குச் சிறு தொகையையும் ஏற்பாடு செய்யாமல் அவளைக் கட்டிவைத்தால், இரண்டாம் ஆண்டில் அவள் கடன்காரியாவாள். அந்த மூன்றையும் ஏற்பாடு செய்துவிட்டால் பத்திரம் தேவைப்படாது. சொந்த ஊரில் கட்சிக்காரர்கள் தேடி வரும்போது வெள்ளவத்தை போர்டிங்குக்குத் திரும்பிப் போக யாரும் அவசரப்படமாட்டார்கள்.